நல்லதண்ணி வழியில் நாம் காணாதவை

டிசம்பர் மாதப் பூரணையிலே தொடங்கி வெசாக் பூரணை வரையில் நடைபெறும் சிவனொளிபாத யாத்திரைக் காலத்தில், ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சியை விட்டிறங்கியும், கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் பஸ்களில் நேரே புறப்பட்டும், டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா என்று மலைக்கு மலை வளைந்து செல்லும் வீதி வழியே நல்லதண்ணிக்கு வந்து சேருகின்ற பல்லாயிரம் ஜனங்களுள், அவர் பௌத்தராயினும் சைவராயினும் இஸ்லாமியராயினும் கிறிஸ்தவராயினும், வழியிலுள்ள எதையேனும் நின்று பார்ப்பவர் மிக அரியர். 2,243 மீற்றர் உயரத்திலே கூம்பி நிற்கும் அந்தச் சிகரத்தை நோக்கி மின்விளக்குகள் ஒரே வரிசையாய் ஏறிச் செல்லும் காட்சி கண்ணிற் பட்ட மாத்திரத்திலே மனம் முழுவதும் அங்கே போய்விடுகின்றது. பாதையின் இரு மருங்கிலும் உள்ளவை அதன்பிறகு இருட்டிலே கழிந்துபோகின்றன. மலையேறி இறங்கிய பின்போ, கால் வலியும் தூக்கமும் மேலிட, வந்த வழியைக் கண் திறந்து பார்ப்பாரும் இல்லை.

யாத்திரிகர்தாம் அப்படியென்றால், வருஷம் முழுவதும் அதே பாதையில் போய்வருகின்றவர்களாகிய நாமும் அப்படியே இருக்கின்றோம். பள்ளிக்கூடத்துக்கும், ஆஸ்பத்திரிக்கும், சம்பள நாளன்று கடைத்தெருவுக்கும் போகின்ற அவசரத்தில், பஸ்ஸின் ஜன்னலோரத்தில் அமர்ந்து எத்தனையோ முறை கடந்துபோன கல்லையும் சுவரையும் கோயிலையும் கல்லறையையும் இன்னதென்று கேட்டறிந்தோமில்லை. பழமை என்றால் அநுராதபுரத்துக்கும் பொலன்னறுவைக்கும் போய்ப் பார்க்க வேண்டிய பொருள் என்றும், தோட்டத்திலே இருப்பது பழசு மாத்திரமே, சரித்திரம் அன்று என்றும் ஓர் எண்ணம் நம்முள்ளே ஆழ வேரூன்றிவிட்டது. அந்த எண்ணம் தவறு என்பதை நல்லதண்ணியிலிருந்து ஹட்டன் வரையில் உள்ள சில சின்னங்களைக் கொண்டே காட்டலாம்.

மலைக்கு மாத்திரம் சரித்திரம் இல்லாமற் போகவில்லை. 1055 முதல் 1110 வரை அரசு புரிந்த முதலாம் விஜயபாகு மன்னன், பாததரிசனத்துக்குச் செல்லும் யாத்திரிகரின் அன்னத்துக்கும் தங்குமிடத்துக்குமாகச் செய்த ஏற்பாடுகளை, கினிகத்தேனைக்கு அணித்தாயுள்ள அம்பகமுவவிலே பாறையிற் பொறித்து வைத்திருக்கின்றான். பின்வந்த நிஸ்ஸங்கமல்லனும் மலையேறி வணங்கியவன். சிகரத்துக்குச் சற்றுக் கீழேயுள்ள குகையிலே அவனுடைய சாசனமும் உண்டு. மொறோக்கோ தேசத்து யாத்திரிகரான இப்னு பதூதா 1344ஆம் ஆண்டளவில் இங்கு வந்து, ஏறுவோர் பற்றிக்கொள்வதற்காகப் பாறையில் மாட்டப்பட்டிருந்த சங்கிலிகளைப் பற்றியும் எழுதிவைத்தார். இவ்வளவும் புத்தகங்களில் ஏறியவை, அறிஞர் ஆராய்ந்தவை, அரசாங்கம் காப்பவை. அம்பகமுவக் கல்வெட்டை வீதியிலே போகின்றவர்கள் பெரும்பாலும் நின்று பார்ப்பதில்லையாயினும், அதை ஒருவன் உடைக்கத் துணிந்தால் தடுக்கச் சட்டம் இருக்கின்றது.

அந்தச் சட்டத்திலேதான் நம்முடைய விஷயம் தொடங்குகின்றது. இலங்கையின் புராதனச் சின்னங்களைக் காக்கும் பொருட்டு இயற்றப்பட்ட 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச்சட்டம், எது புராதனம் என்பதற்கு ஒரு தேதியை எல்லையாக வகுத்தது: 1815 மார்ச் 2. கண்டி இராச்சியம் ஆங்கிலேய முடிக்குக் கைமாறிய ஒப்பந்தத்தின் தேதி அது. அன்றைக்கு முற்பட்டதென நம்பப்படுவது எதுவும் இயல்பாகவே சட்டத்தின் நிழலில் வந்து சேரும். அதற்குப் பிற்பட்ட கட்டடமாயின், அமைச்சர் தனியே ஒரு கட்டளையினால் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமென்று பிரகடனம் செய்தல் வேண்டும். அதாவது, யாராவது ஒருவர் கேட்க வேண்டும், காரணம் காட்ட வேண்டும், எழுத வேண்டும்.

மலையகத் தமிழர் இம்மலைகளுக்கு வந்ததோ 1820களிலே கோப்பித் தோட்டங்கள் திறக்கப்பட்டது முதலாகத்தான். இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, சேலம் என்று பல சீமைகளிலிருந்து புறப்பட்டு, கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, நோயிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர் போக எஞ்சியவர்களே இம்மலைகளின் காட்டை வெட்டினர். ஆகவே ஒரு சமூகத்தின் இருநூறு வருஷத்துச் சரித்திரம், முதல் நாள் தொடங்கி இன்று வரை, முழுவதும் அந்தத் தேதிக்கு இப்புறத்தே விழுகின்றது. சட்டம் எழுதியவர்கள் இதை எண்ணி எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விளைவு இதுதான்: நம்முடைய கைவேலை ஒன்றேனும் கேளாமலே காக்கப்படும் நிலையில் இல்லை, நாம் கேட்டதும் மிகக் குறைவு.

நல்லதண்ணியிலிருந்து இறங்கி வரும் பாதையில் முதலிற் காண்பது மவுசாக்கலை நீர்த்தேக்கம். புகைப்படம் எடுப்பதற்காகப் பஸ்ஸை நிறுத்துமாறு பிரயாணிகள் கேட்குமளவுக்கு அழகானது. அந்த அழகின் அடியிலே பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கின்றது. களனி கங்கையின் கிளையாகிய மஸ்கெலியா ஓயாவை மறித்து அணை கட்டும் வேலை 1969இல் நிறைவெய்தியபோது, கடைவீதியும், வீடுகளும், அவற்றைச் சூழ்ந்த தேயிலை மலைகளும் நீருள் மறைந்தன. ஜனங்கள் இப்போதுள்ள மஸ்கெலியாவுக்கு மேலேறிக் குடிபோயினர். ஆயினும் நகரம் அடியோடு அழிந்துவிடவில்லை. மழை பிந்தி நீர்மட்டம் வெகுவாகத் தாழ்கின்ற வருஷங்களில், சேற்றினிடையே முதலில் கோயிலின் தூண்கள் தலை காட்டும். பின்பு விகாரையின் மிச்சமும் பள்ளிவாசலின் மிச்சமும் தெரியவரும். பழைய வீதி இருந்த தடமும் புலப்படும். அப்போது ஊர் ஜனங்கள் திரண்டு சென்று, தாம் பிறந்த வீடு இருந்த இடம் இதுவென்றும், மாமன் கடை வைத்திருந்தது அந்தப் பக்கமென்றும் பிள்ளைகளுக்குக் காட்டுவர். கோயிற்றூணின் அடியிலே கற்பூரம் கொளுத்துவாரும் உண்டு. பத்திரிகைகளில் ஒரு படம் வரும். மழை பெய்து நீர் ஏறியதும் எல்லாம் மறுபடியும் மறைந்துவிடும்.

மூன்று சமயத்தார்க்கும் உரிய ஆலயங்கள் ஒரே கடைத்தெருவின் எல்லைக்குள்ளே இருந்தன என்பதற்கு இத்தனை அருகிலே, இத்தனை தெளிவாக நிற்கும் சாட்சி மத்திய மலைநாட்டில் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த நகரத்தை மூழ்கடித்த நீர் எங்கே போயிற்று என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். இந்த நதிகளின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கலாமென்று 1918ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டு எழுதியவர் விமலசுரேந்திர என்னும் பொறியியலாளர். அவர் சொன்னதைக் கேட்பார் அக்காலத்தில் மிகச் சிலரே. 1950இல் லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கிய பின்பே அவருடைய கனவு கைகூடிற்று. பின்னர் கெஹெல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீ நீர்த்தேக்கமும், இப்பாலே மவுசாக்கலையும் எழுந்தன. கொழும்பின் விளக்குகள் எரிவதற்காகத் தோட்டத்து ஜனங்கள் தங்கள் நகரத்தைக் கொடுத்தார்கள். கொடுத்தவர்களுடைய லயங்களிற் பலவற்றுக்கு மின்சாரம் வந்து சேர்ந்ததோ அதற்கும் வெகுகாலம் கழித்துத்தான். இந்தச் செய்தியைச் சொல்லும் பலகை ஒன்று நீர்த்தேக்கத்தின் கரையிலே, பஸ் நிற்கும் அந்த வளைவிலே, இருந்தாக வேண்டும்.

மஸ்கெலியாவிலிருந்து நோர்ட்டன் பிரிட்ஜ் வழியாகக் கினிகத்தேனைக்கு இறங்குவோர் கடந்துபோகும் சின்னம் ஒன்றுண்டு. 1974 டிசம்பர் 4ஆம் தேதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு கொழும்பு வழியாக ஜித்தாவுக்குப் புறப்பட்ட மார்ட்டினேர் விமானம், ஏழு கன்னியர் மலையிலே மோதிச் சிதறிற்று. 182 யாத்திரிகரும் 9 பணியாளருமாக 191 பேரும் மாண்டனர். அந்த விமானத்தின் சக்கரம் ஒன்று நோர்ட்டன் பிரிட்ஜில் வைக்கப்பட்டிருக்கின்றது. ஒரு புனித மலையை நாடிச் செல்லும் யாத்திரிகர், வேறொரு புனித ஸ்தலத்தை நாடிப் போய் வழியிலே மாண்டவர்களுடைய சின்னத்தைக் கடந்து போகின்றனர். அங்கே ஒரு நிமிஷம் நிற்பது யாத்திரையின் ஓர் அங்கமாகவே ஆகலாம்.

நோர்வூட்டுக்கும் டிக்கோயாவுக்கும் இடையிலே, காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி ஒரு மேட்டின்மேல் நிற்கின்றது வார்லி கோயில் எனப்படும் கிறிஸ்து ஆலயம். 1878இல் கட்டப்பட்டது. அன்று கீழே இந்த நீர்ப்பரப்பு இல்லை, பள்ளத்தாக்கு இருந்தது, பள்ளத்தாக்கிலே ஆறு ஓடிற்று. 1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. தேயிலை அப்போதுதான் மெல்லத் தலையெடுத்தது. ஆலயத்தைச் சுற்றியுள்ள கல்லறைகளிலே நின்று வாசித்தால், கடல் கடந்து வந்த தோட்டத்துரைமாரும், அவர்களுடைய மனைவியரும், மழலை மாறாத பிள்ளைகளும் இம்மலைக் குளிரிலே நோயுற்று மாண்ட செய்தி ஒவ்வொரு கல்லிலும் பெயரோடும் தேதியோடும் கிடைக்கும். அவர்கள் வேற்று நாட்டார் என்பதற்காக அந்தக் கற்களை நாம் அலட்சியம் செய்யலாகாது. அவையும் இம்மண்ணின் ஏடுகளே.

நோர்வூட் சந்தியில் வேறு பக்கம் திரும்பினால் பொகவந்தலாவை. அங்கே புனித மரியாள் ஆலயத்தின் மயானத்திலே ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் மாதரசி அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றார். புகைப்படக் கலை பிள்ளைப் பிராயத்தில் இருந்த காலத்தில், டென்னிசன் என்னும் மகாகவியையும், டார்வின் என்னும் விஞ்ஞானியையும், ஹெர்ஷல் என்னும் வானியலாளரையும் படம்பிடித்து, மனித முகத்தைக் காட்டும் கலைக்கே புதிய வழி வகுத்தவர் அவர்; உலகத்துக் கலாசாலைகளிலே அவர் பெயரைச் சொல்லாமல் புகைப்படச் சரித்திரம் கற்பிப்பதில்லை. அவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கமரன், 1833ஆம் ஆண்டின் கோல்புறூக் கமரன் சீர்திருத்தங்களிலே பெயர் நிலைத்தவர். இலங்கையில் நீதிபரிபாலனத்தின் அமைப்பையே மாற்றிய அறிக்கையை எழுதியவர். இங்கே கோப்பித் தோட்டம் வாங்கி நஷ்டப்பட்டவரும் அவரே. 1875இல் தம்பதிகள் இலங்கையில் குடியேறினர். 1879 ஜனவரியில் அம்மையார் இம்மலைநாட்டிலே காலமானார். அடுத்த வருஷம் கணவரும் மறைந்து அவர் அருகிலேயே அடக்கமானார். ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கலைஞர்கள் தேடிவந்து பூ வைத்துச் செல்லும் அந்தக் கல்லறையை, அன்றாடம் பொகவந்தலாவை பஸ்ஸில் போகின்றவர்களுள் எத்தனை பேர் அறிவார்கள்?

இந்த அம்மையாரைப் பற்றி நான் அதிகம் எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. இலங்கைக்கு வந்த பின்பு அவர் எடுத்த படங்கள் சிலவே. அவற்றிலே இந்நாட்டின் உழைப்பாளிகள் இருக்கின்றனர். கூர்ந்த பார்வையும், வெயிலிற் கறுத்த தோளும், உடுத்திருக்கும் சீலையின் மடிப்பும் தெளிவாகத் தெரிகின்ற படங்கள் அவை. டென்னிசனுக்குப் பெயர் உண்டு, டார்வினுக்குப் பெயர் உண்டு. இவர்களுக்கோ கூலிகள் என்றும் குடியானவர் என்றும் எழுதியதன்றிப் பெயர் எழுதப்படவில்லை. வார்லியின் மயானமும் அதே பேதத்தைத்தான் காட்டுகின்றது. துரைமாருக்குக் கல் உண்டு. அவர்களுடைய தோட்டத்தை உண்டாக்கி, அதே நோயிலும் அதே குளிரிலும் மாண்ட தமிழர் எங்கே புதைக்கப்பட்டனர் என்று கேட்டால், தேயிலைத் தூரின் கீழே என்பதுதான் தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளிற் சொல்லப்பட்டு வரும் விடை.

ஆகவே அவர்களுடைய நினைவுச்சின்னத்தைக் கல்லறையிலே தேடலாகாது. அவர்கள் கையாலே செய்த வேலையிலே தேட வேண்டும். இந்த வீதியில் எங்கே இறங்கி நின்றாலும், மலைச்சரிவைத் தாங்கி நிற்கும் கல்கட்டு ஒன்று கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருக்கும். அருகே சென்று பாருங்கள். அடியிலே இரண்டாள் சேர்ந்து புரட்டியிருக்கக்கூடிய பெருங்கல். அதன் மேல் அதற்கு இசைந்த முகமுடைய நடுத்தரக் கல். இரண்டுக்கும் இடைப்பட்ட சந்திலே ஆப்பு வைத்தாற்போல இறுக்கிய சிறுகல். சுண்ணாம்பும் இல்லை, சிமெந்தும் இல்லை. சுவர் நிமிர்ந்து நிற்காமல் மலையின் பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கும். சரிவின் பாரம் முழுவதையும் அந்தச் சாய்வு ஏற்றுக்கொள்கின்றது. மாரிகாலத்தில் மண்ணுக்குள்ளே ஊறிவரும் நீர், கல்லிடுக்குகள் வழியே தாராளமாக வெளியேறிவிடுவதனால், சுவர் உப்பிச் சரிவதில்லை. இடுக்குகளிலே பன்னமும் பாசியும் படர்ந்திருக்கும். கான் வெட்டியவர்களும் அதே அறிவோடுதான் வெட்டினார்கள்: மழைநீர் மேல்மண்ணை வாரிக்கொண்டு போகாதபடி, மலையின் வயிற்றைச் சுற்றிச் சிறு சரிவோடு செல்லும் கான்கள் அவை. இந்த வேலைகளைச் செய்தவர் பள்ளிக்கூடம் கண்டவர் அல்லர். ஆனால் மண்ணும் நீரும் கல்லும் ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்ளும் என்று அறிந்திருந்தார்கள். புதிதாகக் கட்டிய சிமெந்துச் சுவர் ஒரு பெருமழையிலே பிளந்து கிடக்க, அதற்கு அடுத்தாற்போல் பழைய கல்கட்டு அசையாமல் நிற்பதை மலையகத்தார் யாவரும் கண்டிருக்கின்றோம்.

தோட்டத்துக்குள்ளே நுழைந்தால் இத்தகைய சின்னங்களுக்குக் குறைவில்லை. மரே, டல்ஹௌசி, கிளனுகி, டீசைட், ஸ்ட்ரத்ஸ்பே என்று துரைமார் தங்கள் ஊர்நினைவாலே பெரும்பாலும் பெயரிட்ட இத்தோட்டங்களில், விடியுமுன்னே தப்படித்து ஆட்களைக் கூப்பிட்ட பிரட்டுக்களம் உண்டு. முதுகுக் கூடையை இறக்கித் தராசிலே மாட்டி, கணக்கப்பிள்ளை சொன்ன நிறையை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்ட கொழுந்து மடுவம் உண்டு. பச்சைப் பிள்ளையை விட்டுவிட்டு மலைக்கு ஓடிய தாய்மாரின் பிள்ளை மடுவம் உண்டு. பெண்கள் விடியற் குளிரிலே குடம் ஏந்தி நின்ற பீலிக்கரை உண்டு. மாசி மாதத்திலே காமனை நட்டு, ரதியும் மன்மதனும் வேஷங்கட்டி, சிவபெருமான் நெற்றிக்கண்ணால் எரித்த கதையை ஊர் கூடி நடத்தும் காமன் பொட்டல் உண்டு. தஞ்சாவூர்ச் சீமையிலும் திருச்சிச் சீமையிலும் ஆடிய கூத்தை, ஏடும் வாத்தியாரும் இல்லாத இடத்திலே ஞாபகத்தினாலேயே காத்து, தலைமுறைகள் தாண்டி ஆடிவந்த மேடை அது. வெறும் புற்றரையாகத் தோன்றும் அந்த நிலத்துக்கு ஒரு பெயர்ப்பலகையாவது உண்டா?

தேயிலை ஸ்டோரின் பக்கத்தில், சூலமும் கல்லுமாய் நிற்கும் ரோதைமுனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்டோரின் பெரிய ரோதை ஆளை இழுத்துவிடாமல் காப்பதற்காக வழிபடப்பட்ட தெய்வம் அது. கவ்வாத்து வெட்டுவதற்கு முன்னே வணங்கும் கவ்வாத்துச்சாமியும், கொழுந்து நிறைய வேண்டி வணங்கும் கொழுந்துச்சாமியும் இப்படித் தோன்றியவையே. புராணத்தில் இல்லாத இந்தத் தெய்வங்கள், யந்திரத்துக்கும் கத்திக்கும் நடுவே கை கால் இழந்துவிடுவோமோ என்று அஞ்சி வாழ்ந்த ஜனங்களின் நெஞ்சிலிருந்து பிறந்தவை. கோபுரம் எழுப்பிக் கும்பாபிஷேகம் செய்யும் ஆர்வத்திலே, இந்தப் பழைய கற்களை ஓர் ஓரமாகத் தள்ளிவிட்டுச் சலவைக்கல் விக்கிரகம் வைப்பது இன்று பல இடங்களில் நடக்கின்றது. பக்தியினாலேதான் செய்கின்றார்கள்; எனினும் அந்தக் கல் போனால் அந்தக் கதையும் போய்விடும் என்பதை ஆலய பரிபாலகர்கள் நினைக்க வேண்டும்.

லயங்களைப் பற்றிச் சொல்வது சங்கடமான காரியம். 10 அடிக்கு 12 அடி என்ற ஓர் அறையும் முன்னே ஒரு திண்ணையுமாக, தகரக் கூரையின் கீழே, சுவருக்குச் சுவர் ஒட்டிய காம்பிராக்களிலே ஐந்தாறு தலைமுறை பிறந்து மடிந்திருக்கின்றது. அவை இடிக்கப்பட வேண்டியவை. 2017 மே மாதத்திலே இந்தியப் பிரதமர் நோர்வூட்டில் 10,000 வீடுகள் கட்டித் தருவதாக அறிவித்ததும், அதற்கு முன்னும் பின்னும் வந்த வீட்டுத்திட்டங்களும் வரவேற்கத்தக்கவை. இன்னும் விரைவாக நடைபெற வேண்டியவை. பழமை என்ற பெயரால் ஒரு குடும்பத்தையேனும் லயத்திலே இருக்கச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் குடியிருந்தோர் எல்லாரும் புதுவீட்டுக்குப் போனபின், ஒவ்வொரு பிரதேசத்திலும் ஒரே ஒரு லயத்தை, அதன் புகை படிந்த சுவரோடும் அடுப்போடும் விட்டுவைக்க வேண்டுமென்று கேட்பது நியாயமே. கம்பளைக்கு அருகே பாரதெக்கவில் உள்ள பழைய பீகொக் தோட்டத்திலே, சமூக அபிவிருத்தி நிறுவனம் லயக் காம்பிராக்களையே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அரும்பொருட்காட்சிச் சாலையாக மாற்றி நடத்திவருகின்றது. உரலும், கூடையும், கவ்வாத்துக் கத்தியும், பழைய பத்திரங்களும் அங்கே காக்கப்படுகின்றன. அரசாங்கம் செய்யாததை ஒரு சிறிய ஸ்தாபனம் செய்துகாட்டிற்று. மஸ்கெலியாப் பக்கத்தில் அதுபோல ஒன்றும் இல்லை.

ஹட்டன் ஸ்டேஷனைக் கடைசியாகச் சொல்லலாம். 1884இல் ரயில்பாதை இங்கே எட்டியது முதல், தேயிலைப் பெட்டிகள் கீழே போயின. அரிசி மூட்டைகளும் புதிய ஆட்களும் மேலே வந்தனர். 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கென்று தொழிற்சங்கம் அமைத்து இயங்கியதும் ஹட்டன் நகரிலேதான். ஆனால் மலையகத்தாருடைய நெஞ்சிலே இந்த மேடை நிலைத்திருப்பது வேறொரு காட்சியால். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்டவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அதன்பின் வந்த இருபது வருஷங்களிலே, தகரப் பெட்டியும் பாய்மூட்டையுமாகக் குடும்பங்கள் இந்த மேடையிலே வந்து நின்றன. அண்ணன் போக, தம்பி இருந்தான்; மகள் போக, தாய் இருந்தாள். தலைமன்னாருக்குப் போகும் அந்த வண்டியை ஜனங்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடியும் தேயிலை மலைகளுக்கே போய்ச் சேர்ந்தவர்கள் அநேகர். 1984இல் யுத்தத்தின் காரணமாகக் கப்பல் நின்றது. இத்தனை கண்ணீர் விழுந்த அந்த மேடையிலே, இன்று எல்ல பார்க்கப் போகும் உல்லாசப் பிரயாணிகள் தேநீர் அருந்திக்கொண்டு கோச்சிக்குக் காத்திருக்கின்றனர். அவர்கள் வாசித்தறிய ஒரு வரியும் அங்கே இல்லை.

2023ஆம் ஆண்டிலே, மலையகத் தமிழர் வந்து இருநூறு வருஷம் நிறைவுற்றதை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபவனி ஒன்று நடந்தது. முன்னோர் நடந்த வழியை மறுபடியும் கண்டுகொள்ளும் எண்ணம் நம்மவருக்கு வந்துவிட்டது என்பதற்கு அது நல்ல அடையாளம். அந்த எண்ணம் தோட்டத்துக்குத் தோட்டம் சென்று சேர வேண்டும். பெரும் பணம் வேண்டிய காரியம் அன்று. ஒரு பாடசாலையின் சரித்திர ஆசிரியர், மேல்வகுப்பு மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு, தம் தோட்டத்திலுள்ள கல்கட்டு, பொட்டல், பீலி, சாமிக்கல், பழைய மயானம் ஆகியவற்றை நிலப்படத்திலே குறித்து, படமெடுத்து, அவற்றைப் பற்றி வயோதிபர் சொல்வதை எழுதிவைத்தாலே போதும். பாதுகாக்கப்பட்ட சின்னமாகப் பிரகடனம் செய்யுமாறு தொல்பொருட் திணைக்களத்துக்கு விண்ணப்பிப்பதற்கும் அத்தகைய பதிவுதான் முதல் ஆதாரம்.

அதிலும் முதலில் தொடங்க வேண்டிய இடம் மவுசாக்கலை. அணை கட்டுமுன் வரையப்பட்ட நில அளவைத் திணைக்களத்தின் ஓர்-அங்குலப் படத்திலே பழைய மஸ்கெலியா இருக்கின்றது. நீர் தாழும்போது வெளிப்படுகின்றவற்றை அதனோடு ஒப்பிட்டு, எது எந்தக் கோயில், எது எந்தக் கடை, வீதி எங்கே திரும்பிற்று என்று அளந்து எழுதிவிடலாம். ஆனால் படத்திலே கடைக்காரர் பெயர் இருக்காது. யார் எந்த வீட்டிலே இருந்தார் என்பதும், திருவிழாவன்று சுவாமி எந்த வழியே வலம் வந்தது என்பதும் இருக்காது. அவை மனிதருடைய ஞாபகத்திலே மாத்திரம் இருப்பவை. நகரம் மூழ்கியபோது பத்து வயதுப் பிள்ளைகளாய் இருந்தவர்களுக்கு இன்று அறுபத்தைந்துக்கு மேலாகிவிட்டது. சேற்றிலே இறங்கி நின்று விரல் நீட்டிக் காட்டக்கூடியவர்கள் அவர்கள்தாம். அடுத்த வரட்சியிலே தூண்கள் வெளிப்படும்போது, கையிலே படத்தோடும் பென்சிலோடும் அவர்களையும் அழைத்துக்கொண்டு போக வேண்டும்.